காதுக்கும் ஒரு கதவு வேண்டும்!

கண்ணுக்கு இமை கொடுத்த ஆண்டவன், காதுக்கு மட்டும் ஏன் ஒரு கதவு வைக்காமல் விட்டான்? ராத்திரி ஒரு மணிக்கு லாட்ஜ் ரூமில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு எழுந்த சந்தேகம் இது. அதுவும் எந்த ஊரில் என்கிறீர்கள்? சுவாமிமலையில்! பெற்ற தகப்பனுக்கே பிரணவத்தின் பொருளைக் காதோடு காதாக, மூன்றாம் பேருக்குக் கேட்காமல் சொல்லிக் கொடுத்த பிள்ளை குடிகொண்டிருக்கும் ஊரில்!

பேத்திக்கு முடி இறக்கிக் காது குத்துவதற்காகப் போயிருந்தோம். பதினோராவது மாதம். ஆடிக் கிருத்திகையை ஒட்டி நாள் குறித்துவிட்டார்கள். கோயமுத்தூரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு ராத்திரி பஸ்ஸில் வந்திருந்தார்கள். அந்த ராத்திரியும் அவளுக்குத் தூக்கம் இல்லை. தாய்ப்பால் கொடுக்கிற பெண். குழந்தைக்குப் பல் வேறு முளைக்கிற சமயம். வந்து இறங்கும்போதே முகம் வாடி, கண்ணைச் சுற்றிக் கருவளையம் கட்டியிருந்தது.

விசேஷ நாட்களில் சுவாமிமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கோயில் பக்கம் குறையே சொல்ல முடியாது. அறுபது தமிழ் வருஷங்களின் பெயரைத் தாங்கிய அறுபது படிகளும் ஏறி சுவாமிநாதனைப் பார்த்துவிட்டால் மனசு நிறைந்துவிடும். இரைச்சலெல்லாம் வெளியேதான். எங்கள் ஜன்னலுக்குக் கீழே டூரிஸ்ட் பஸ்கள். நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுகிறவர்கள் விடியற்காலை மூன்றரைக்கே கிளம்ப வேண்டும் என்று டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். பக்கத்து மண்டபத்தில் யார் வீட்டுக் காதுகுத்தோ, ஆள் உயர ஒலிபெருக்கிகள் இரண்டு. வராந்தாவில் "டேய் குமாரு, சாவி யார்கிட்டடா?" என்று ஒரு கூட்டம். டபார் டபாரென்று கதவு. எதிர் ரூமில் டி.வி.

என் கணவர் கீழே போய்ச் சொல்லிப் பார்த்தார். "என்ன சார் பண்றது, சீசன். நானா சார் பாட்டுப் போடறேன்?" என்று பதில் வந்தது. நியாயம்தான், அவரா போட்டார்!

மகளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. அப்போது மாப்பிள்ளை தன் பையைத் துழாவி ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். அவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். மிஷின்கள் ஓடும் கூடத்தில் காதில் வைத்துக்கொள்வதற்கென்று கொடுப்பார்களாம். பிரிக்காத புது ஜோடி. மஞ்சள் நிறத்தில் சுண்டுவிரல் நுனி அளவு பஞ்சு மாதிரி இருந்தது.

"இதை வச்சுக்கிட்டுப் படு. நாலு மணி நேரமாவது தூங்கு."

"ஐயோ, குழந்தை அழுதா எனக்குக் கேக்காதே!"

சகோதரிகளே, இந்த ஒரு வார்த்தைதான் நம் பெண்களைத் தூங்க விடாத வார்த்தை. ஊரே கூச்சல் போட்டாலும் பொறுத்துக்கொள்வாளே தவிர, காதை மூடிக்கொள்ள மனசு வராது. "நான் இருக்கேனேடி. குழந்தையை என் பக்கத்துல போடு. பசிச்சு அழுதா உன்னைத் தொட்டு எழுப்பறேன்" என்றேன். தயங்கித் தயங்கித்தான் வைத்துக்கொண்டாள். பத்தே நிமிஷத்தில் குறட்டை! மூன்றரை மணிக்கு டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்தபோது குழந்தை எழுந்தது, நான் எழுந்தேன், என் கணவர் எழுந்தார். அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை. குழந்தை பாலுக்கு அழுத பிறகு தோளைத் தொட்டுத்தான் எழுப்பினேன்.

என் மாமியாருக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை. எண்பது வயசு. "காதுல கண்டதையும் திணிச்சா செவிடாப் போயிடும். கொஞ்சம் பஞ்சு வச்சுக்கிட்டா ஆகாதா?" என்றார். எதிர்த்துப் பேசினால் வளரும் என்று, "ஊருக்குப் போய் டாக்டரிடமே கேட்டுடலாம் அத்தை" என்று முடித்தேன்.

கேட்டும் விட்டேன். எங்கள் ஊரில் காது, மூக்கு, தொண்டை பார்க்கும் ஒரு லேடி டாக்டர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பஞ்சு. சாதாரணப் பஞ்சு சத்தத்தைத் தடுப்பது மிகச் சொற்பம். காற்று புகுந்துவரும் வழியெல்லாம் சத்தமும் புகுந்து வரும். போதாததற்கு, துணுக்கு உள்ளேயே தங்கிவிட்டால் அதை எடுக்க ஹேர்பின்னைத் தேடுவோம். அது இன்னும் ஆபத்து. குளிர் காற்றுக்குப் பஞ்சு வைத்துக்கொள்வது வேறு, இரைச்சலுக்கு அடைப்பது வேறு.

தூங்கும்போது கண் மூடிவிடுகிறது, காது மூடுவதில்லை. நாம் விழித்துக்கொள்ளாவிட்டால்கூட ஒவ்வொரு ஹாரனுக்கும் நாடித்துடிப்பு ஏறி இறங்குகிறது. இரவு தோறும் இரைச்சலில் படுக்கிறவர்களுக்கு ரத்த அழுத்தமும் இருதயக் கோளாறும் வர வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. படுக்கை அறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்பது 1999-ல் அது சொன்ன கணக்கு. நாம் சாதாரணமாகப் பேசுவதே சுமார் 60 டெசிபல் என்றால், மண்டபத்து ஒலிபெருக்கியை என்னவென்று சொல்வது!

செவிடாவது பற்றி மாமியார் பயந்தாரே, அந்த பயம் நியாயமானதுதான். ஆனால் செவிடாக்குவது அடைப்பான் அல்ல, சத்தம்தான். உட்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு பாகம் இருக்கிறது. அதற்குள் மயிரிழை முளைத்த நுண்ணிய செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. நாற்று வயலில் காற்று அடித்தால் பயிர் சாய்ந்து நிமிருகிறதே, அப்படி ஒலி வந்து மோதும்போது இவை அசைந்து கொடுக்கும். புயல் அடித்தால்? சாய்ந்தது சாய்ந்ததுதான். பயிரையாவது மறுபடி நடலாம். இந்த செல்கள் செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழிற்சாலைக் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். 100 டெசிபலுக்கு வந்தால் வெறும் கால் மணி நேரம்! மீட்டர் எதுவும் வேண்டாம். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தம் 85-ஐ எட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்னென்ன கிடைக்கிறது?

மாப்பிள்ளை கொடுத்தது நுரை ரகம். ஃபோம் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் தெரியும். அமுக்கினால் சுருங்கி, விட்டால் மெதுவாக உப்பும். விலை மலிவு, ஒரு டிகிரி காபி விலைக்கு ஒரு ஜோடி வாங்கிவிடலாம். இன்னொன்று சிலிகான் ரப்பர், குடை குடையாக அடுக்கியிருக்கும். கழுவிக் கழுவி உபயோகிக்கலாம். மூன்றாவது மெழுகு அல்லது களிமண் மாதிரியான சிலிகான் உருண்டை. அது உள்ளே போகாது, காதின் வாயை மூடிவிடும். காதுக்குள் எதையாவது நுழைத்தால் கூசுகிறவர்களுக்கு அது சௌகரியம்.

மெழுகுக்கு ஒரு சுவையான கதை உண்டு. கிரேக்கப் புராணத்தில் யுலிசிஸ் என்ற வீரன், மயக்கிக் கொல்லும் கடல் மோகினிகளின் பாட்டு தன் மாலுமிகளுக்குக் கேட்காமலிருக்க அவர்கள் காதில் தேன்மெழுகை வைத்து அடைத்தானாம். அந்தக் கதையிலிருந்து யோசனை பிடித்து, 1907-ல் பெர்லினில் மாக்ஸ் நெக்வெர் என்ற மருந்துக்கடைக்காரர் மெழுகையும் பஞ்சையும் சேர்த்து உருண்டை செய்யும் தொழிலை ஆரம்பித்தார். 'ஓரோபாக்ஸ்' என்று பெயர். காதுக்குச் சாந்தி என்று அர்த்தம் வரும். பிராக் நகரத்து எழுத்தாளர் காஃப்கா இது இல்லாமல் இருக்க முடியாது என்கிற அளவுக்கு அதை வாங்கி வைத்துக்கொள்வாராம். பெரிய எழுத்தாளருக்கும் பக்கத்து வீட்டுத் தொந்தரவுதான், பாருங்கள்! நுரை ரகம் அமெரிக்காவில் பிற்பாடு, 1970-களில் புழக்கத்துக்கு வந்தது.

நுரை அடைப்பானை எல்லோரும் வைத்துக்கொள்கிறோம் பேர்வழி என்று காது வாசலில் செருகிவிட்டு, "ஒண்ணும் குறையலையே" என்பார்கள். வைக்கிற விதம் இருக்கிறது. முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். அடைப்பானை விரல்களுக்கு நடுவில் வைத்து, திரி திரிக்கிற மாதிரி உருட்டி உருட்டி மெல்லியதாக்குங்கள். வலது காதுக்கென்றால் இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, வலது காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுங்கள். அப்போது உள்ளே போகும் வழி நேராகும். சட்டென்று நுழைத்து, விரல் நுனியால் இருபது முப்பது விநாடி பிடித்துக்கொள்ளுங்கள். அது உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும்போது வெளிச்சத்தம் தூரப் போகிற மாதிரி இருக்கும். எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. மெதுவாகத் திருகி, காற்று உள்ளே போக விட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் செவிப்பறை இழுபடும், வலிக்கும்.

ஜிமிக்கி, மாட்டல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் படுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டையில் 29, 33 என்று ஓர் எண் போட்டிருக்கும். அத்தனை டெசிபல் குறைக்கும் என்று பரிசோதனைச் சாலையில் கண்ட கணக்கு அது. நாம் வீட்டில் வைத்துக்கொள்ளும்போது பாதி கிடைத்தால் பெரிது. அந்தப் பாதியே போதும். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியாகிவிட்ட மாதிரி நமக்குத் தோன்றும். ஆனால் ஒன்று: கீச்சுக் குரலையும் ஹாரனையும் நன்றாகத் தடுக்கிற இது, "திம் திம்" என்று நெஞ்சில் அடிக்கும் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. தவில், பறை, இந்தக் காலத்து ஆள் உயரப் பெட்டிகளின் அதிர்வு எல்லாம் எலும்பு வழியாகவும் வந்து சேரும். (நாதஸ்வரம், தவில் இரண்டும் திறந்தவெளிக்கென்றே ஏற்பட்டவை. அதற்கும் முன்னால் ஒரு மைக்கை நட்டு வைப்பது எந்த ஊர் ரசனையோ, எனக்கு விளங்கவில்லை.)

வைத்துக்கொள்ளக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். காதில் சீழ் வடிகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள், காது ஆபரேஷன் ஆனவர்கள், காது வலியோடு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. தினம் தினம் வைத்துக்கொண்டால் காதுக் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு இறுகிவிடலாம். கேட்பது மந்தமானால், அரித்தால், உடனே நிறுத்திக் காட்டுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். ஒருவர் வைத்ததை மற்றவர் வைக்கவும் வேண்டாம், அக்கா தங்கையாக இருந்தாலும்! நுரை அடைப்பான் அழுக்கேறினாலோ, அமுக்கி விட்டால் பழையபடி உப்பாமல் போனாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். என்னிடம் ஒரு புதுக் குங்குமச் சிமிழ் சும்மா கிடந்தது. இரண்டு ஜோடியைப் போட்டு அதைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். தூசி படாது, தேடவும் வேண்டாம்.

இளம் தாய்மார்களுக்குத்தான் முக்கியமான விஷயம். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். பக்கத்தில் கிடக்கும் குழந்தையின் அழுகை அநேகமாகக் கேட்கும் என்பார்கள். அநேகமாக என்பதை நம்பி ஒரு தாய் தூங்க முடியுமா? முறை போட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வரை ஒருவர், அப்புறம் மற்றவர். முறை இருப்பவர் காது திறந்திருக்க வேண்டும், குழந்தை அவர் பக்கம் இருக்க வேண்டும். என் மகள் வீட்டில் இப்போது சனிக்கிழமை ராத்திரி மாப்பிள்ளையின் முறை. "வாரத்துக்கு ஒரு ராத்திரிம்மா, ஆனா முழுசா!" என்று போனில் சொன்னபோது அவள் குரலே தெளிந்திருந்தது. பால் கொடுக்கிறவள் தூங்கி எழுந்தால் அந்த வீட்டுக்கே விடிந்த மாதிரி.

குழந்தைகள் காதில் இதை வைக்கவே கூடாது. காதுத் துவாரம் சின்னது. அதோடு கையில் கிடைத்தால் வாயில் போட்டுக்கொண்டு மூச்சுத் திணறிவிடும். திருவிழாவில், கல்யாண ஊர்வலத்தில் சின்னக் குழந்தைக்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: விலகிப் போவது. திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும். பத்தடியில் நிற்பதை விட்டு நாற்பதடிக்கு நகர்ந்தால் 12 குறைந்துவிடும். அதிர்வேட்டுப் போடும் இடத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தலைமேல் வளைந்து இரண்டு காதையும் மூடும் காதுமூடிகள் குழந்தைகளுக்கென்றே விற்கிறார்கள். அடிக்கடி விசேஷங்களுக்குப் போகிறவர்கள் வாங்கலாம். தூங்குகிற குழந்தைக்கு வேண்டாம்.

சில பெண்கள், "நான் ஹெட்போன்ல பாட்டுப் போட்டுக்கிட்டுத் தூங்கிடுவேன்" என்கிறார்கள். வெளிச்சத்தத்தை அமுக்க அதைவிட உரக்க இன்னொரு சத்தத்தைக் காதுக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்ன சிக்கனமோ! மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் போதும், பாதி பேச்சுச் சத்தம் அதில் அமுங்கிவிடும்.

காதுகுத்து முடிந்த மறுநாள், பேத்தி அழுது ஓய்ந்து தாய்மாமன் தோளில் தூங்கிக்கொண்டிருக்க, நானும் மாமியாரும் ஸ்தபதிகள் இருக்கும் பக்கம் போனோம். சுவாமிமலை விக்கிரகங்கள் உலகப் பிரசித்தம் அல்லவா? தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருக்கி, அதில் சுவாமியை வடித்து, காவிரி வண்டல் மண்ணால் மூடி, சுட்டு, மெழுகு ஓடிய இடத்தில் உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். மெழுகில் விரல் வேலை செய்யும்போது ஓசையே இல்லை. மண் உடைந்து விக்கிரகம் வெளியே வந்த பிறகுதான் உளியும் சுத்தியும் அரமும். ஒரு பட்டறையில் மிஷின் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்த இளைஞர் காதில் அதே மஞ்சள் பஞ்சு! என் மாமியார் என் கையைக் கிள்ளினார்.

அந்தப் பையனின் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எங்களிடமும் ஊரைக் கூட்டுகிற மாதிரிதான் பேசினார். "தப்பா நெனைக்காதீங்கம்மா, பேசிப் பேசி இப்படியே பழக்கமாயிடுச்சு. எங்க வீட்டுப் பெரியவருக்குக் காது போயி வருஷம் இருவதாச்சு. அம்பது வருஷம் உளி புடிச்ச காது. முன்னெல்லாம் நான் திட்டுறது கேக்கலேன்னு சிரிச்சுக்குவாரு. இப்பக் கொள்ளுப்பேத்தி 'தாத்தா'ன்னு கூப்புடுது, அதுவும் கேக்கல."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி, "அந்தப் பஞ்சுல ஒரு ஜோடி எனக்கும் குடு, வச்சுப் பாக்கறேன்" என்று அவரே கேட்டார்.

இரைச்சல் போடுகிறவன் போடட்டும், நாம் காதை மூடிக்கொள்வோம் என்றுதானா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2000-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, திருவிழாக்களுக்கு என்று வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு அனுமதி தரலாம். அதற்கு மேல் கிடையாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது வரம்பு. அதே 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்தது. நம் சென்னையில் ஒரு பிரார்த்தனைக் கூடத்துக்கும் பக்கத்துக் குடியிருப்புவாசிகளுக்கும் நடந்த வழக்கு. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றதோடு, அக்கம்பக்கத்துக் கைக்குழந்தைகளுக்கும் அமைதியாகத் தூங்க இயற்கையான உரிமை உண்டு என்று அதில் நீதிபதிகள் சொன்னார்கள். கைக்குழந்தையின் தூக்கத்தை நினைத்துப் பார்த்தார்களே, அதைப் படித்தபோது எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பத்து மணிக்கு மேல் தொந்தரவு என்றால் 112-க்குப் போன் செய்து போலீஸில் சொல்லலாம். ஆனால் வெளியூரில், பெண் குழந்தைகளோடு, ஒரு ராத்திரி தங்கப் போன இடத்தில் யார் போய் வம்பை வாங்குவது? அதற்குத்தான் சிமிழ்.

அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. கும்பகோணத்தில் மட்டுமில்லை, சுற்றுவட்டாரம் முழுவதும் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிடும். இப்போதே திட்டம் போடுகிறவர்கள் ரூம் பேசும்போது இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: பக்கத்தில் மண்டபம் உண்டா, ஜன்னல் தெருப் பக்கமா கொல்லைப் பக்கமா? கொல்லைப் பக்கம் என்றால் காட்சி ஒன்றும் இருக்காது, தென்னை மரமும் துணி காயும் கொடியும்தான். பரவாயில்லை, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் பக்கத்து ரூம் வேண்டாம். ரயிலில் ராத்திரிப் பயணம் என்றால் கதவோரப் படுக்கை வேண்டாம். அடைப்பான் வைத்துக்கொண்டு தூங்கினால் இறங்க வேண்டிய ஸ்டேஷனைக் கோட்டை விடாமல், அதிரும்படி வைத்த செல்போனைத் தலையணை அடியில் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நடக்கும்போதும் தண்டவாளம் தாண்டும்போதும் காதில் எதுவும் இருக்கக் கூடாது. புது ஜோடி வாங்கியதும் வீட்டிலேயே ஓர் இரவு வைத்துப் பார்த்துவிடுங்கள். சிலருக்குச் சின்ன அளவுதான் பொருந்தும், அதைக் கேட்டு வாங்க வேண்டும்.